மஞ்சள் காரும் என் பால் லாரிக் காலும்

7 ஆகஸ்ட் 1983, ஞாயிறு

காலையில் தூறல். எட்டு மணிக்கெல்லாம் வெயில். தார் காய்ந்துவிட்டது.

சுங்கை சிப்புட் பக்கம் பழைய எஸ்டேட் விமானத் திடல். துரைமார் சின்ன விமானம் இறக்கிய இடம். இப்போது துரையும் இல்லை, எஸ்டேட்டும் இல்லை. சுற்றிலும் பால் வெட்டாத கிழட்டு ரப்பர் மரங்கள். ஞாயிறுகளில் ஈப்போ பணக்காரர்கள் காரைக் கொண்டுவந்து விரட்டிப் பார்க்கிறார்கள். ஓடுபாதை, அதைச் சுற்றித் தார்ச்சாலை, நான்கு வளைவு. வளைவுக்கு வளைவு எண்ணெய் டிரம்.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பல் டாக்டருக்கு மூன்று கார். பச்சை (இங்கிலீஷ்காரன், கூரை இல்லாதது), வெள்ளை (ஜப்பான்), மஞ்சள் (ஜெர்மன், எஞ்சின் பின்னால்). ஓட்டிப் பார்க்க ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு பேர். நான், ராஜு. ராஜு என்றால் என் பெண்டாட்டி பரமுவின் அண்ணன். என் மச்சான். என் தலைவலி. இனி "ரா." போதும், முழுப் பெயர் எழுத மனசில்லை.

பச்சை, பரவாயில்லை. வெள்ளை, நன்றாகவே. மஞ்சளில் மூன்றாவது வளைவில் பின்பக்கம் சுற்றிவிட்டது. கண்ணைத் திறந்தால் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு புல்லில் நிற்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. டயரா, ஈரமா.

ரா. கை தட்டினான். எல்லார் முன்னாலும்.

"மாப்ளே, இது பால் லாரி இல்ல லா! ஜெர்மன்காரன் செஞ்சது!"

டாக்டர்கூடச் சிரித்தார். பிறகு சொன்னார்: அடுத்த ஞாயிறு இருவரும் மூன்று காரும் ஓட்ட வேண்டும். யார் மூன்றிலும் ஒழுங்கோ அவனுக்கு அடுத்த மாதம் பத்து தீகா என்ற ஊரில் நடக்கும் பந்தயத்தில் ஸ்டியரிங். மற்றவனுக்கு ஸ்பானர். ஓட்டுகிறவன் பெயரைக் கதவில் எழுதுவாராம்.

எனக்கு முப்பத்தாறு வயது. என் பெயர் இதுவரை எழுதப்பட்ட இடங்கள்: பிறப்புப் பத்திரம், ஐ.சி. அடையாள அட்டை, கல்யாணப் பத்திரிகை. கதவில் வேண்டும்.

8 ஆகஸ்ட், திங்கள்

மதியம் மழை. பரமு காயப்போட்ட துணி எல்லாம் நனைந்தது, என்மேல் எரிந்து விழுந்தாள். மழைக்கும் நான்தான் பொறுப்பு.

ரா. பற்றி, மனசு ஆற:

– தினமும் சாயங்காலம் நம் வீட்டில்தான் சோறு. பெண்டாட்டி கட்டாதவன், தங்கச்சி கை ருசி வேண்டுமாம்.
– டிவி முன்னால் என் நாற்காலி.
– எஸ்டேட்டில் நான் ஒன்பது வருடம் ரப்பர் பால் டேங்கர் ஓட்டினேன், அவன் பதினொன்று. இருவரும் ஒரே வேலை செய்தவர்கள். ஆனால் "பால் லாரிக்காரன்" நான் மட்டும்.
– ஒர்க்‌ஷாப் வேலை அவன் சொல்லிக் கிடைத்தது. ஆறு வருடமாக வாரத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்துகிறான்.
– மூன்று காரையும் ஒரே மாதிரி மிதிக்கிறான். மஞ்சளில் மட்டும் எப்படியோ வேகம். ஏன் என்று அவனுக்கே தெரியாது. அதுதான் வயிறு எரிகிறது.

9 ஆகஸ்ட், செவ்வாய்

வெயில். டாக்டர் மூன்று சாவியும் விட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் ஒவ்வொரு காராக, தஞ்சோங் ரம்புத்தான் சாலை.

பச்சை: இடது பக்கம் இழுக்கும் பிரேக். எடை இல்லை. வழுக்கும்போது சொல்லிவிட்டு வழுக்கும். ஸ்டியரிங்கை விரலால் பிடி, முஷ்டியால் அல்ல. கியர் குறைக்கும்போது கிளட்ச் இரண்டு தடவை.

வெள்ளை: மூக்கு கனம். அவசரப்பட்டால் நேராகவே போகும், மாமியார் மாதிரி. நேர்ச்சாலையிலேயே பிரேக் முடித்துவிடு. திருப்பு. காத்திரு. மூக்கு தாரைக் கடித்தபின் மிதி. காத்திருப்பதுதான் வித்தை.

மஞ்சள்: இன்னும் பிடிபடவில்லை.

10 ஆகஸ்ட், புதன்

(இது புத்தகத்தில் இல்லை. ஒர்க்‌ஷாப் பில் தாளின் பின்பக்கம். சட்டைப் பையில் இருக்கும்.)

யாரோ புத்தகத்தைப் படிக்கிறார்கள்.

அலமாரி மேலே, போர்வைக்கு அடியில் வைப்பேன். பேனா எப்போதும் உள்ளே. இன்று பேனா வெளியே. நேற்றைய பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் கறை, கட்டைவிரல் அகலம். குழம்புக் கை.

சாப்பிடும்போது ரா. வாயைத் திறந்தான். "வெள்ளக் காரு இருக்கே மாப்ளே, அது திருப்பிட்டுக் காத்திருக்கணும். மூக்கு கடிக்கிற வரைக்கும்."

என் வார்த்தை. என் "கடி". திருட்டுப் பயல். கையைக்கூடக் கழுவாமல் என் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறான். அவனைப் பற்றி நான் எழுதிய பட்டியலையும் படித்திருப்பான். படித்துவிட்டு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிடுகிறான்.

பரமு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே வேலையில இருக்கீங்க, ஒன்னா பேசிக்கிட்டா என்னங்க?"

11 ஆகஸ்ட், வியாழன்

(பில் தாள்.)

விடிந்ததும் மஞ்சளை எடுத்துக்கொண்டு தனியாகத் திடலுக்கு. பிடிபட்டுவிட்டது.

காரணம் என் கால். பால் டேங்கர் பாதி நிரம்பியிருந்தால் வளைவில் உள்ளே பால் அலையும். லாரியைக் குப்புறத் தள்ளும். அதனால் வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மேலே எடுத்து, பால் அடங்கும் வரை விட வேண்டும். ஒன்பது வருடம். இப்போது நான் கேட்காமலே கால் மேலே வருகிறது.

மஞ்சளில் அது கூடவே கூடாது. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால். சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை கட்டி இறக்கத்தில் வருவது மாதிரி. திரும்பும்போது வேகத்தை விட்டால் மூட்டை நமக்கு முன்னால் போகப் பார்க்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகம் குறை. உள்ளே நுழைந்தபின் லேசாக, ஒரே சீராக, மிதித்துக்கொண்டே இரு. பயமாக இருந்தாலும் மிதி. பயந்தால்தான் சுற்றும்.

பதினெட்டு சுற்று. ஒன்றில்கூடக் கால் எடுக்கவில்லை.

ரா. வேகமாகப் போவதன் ரகசியமும் இதுதான். திமிர். பயமே இல்லாததால் கால் எடுக்கவில்லை. சரியானதைத் தெரியாமலே செய்கிறான். அவனுக்கும் அதே பால் லாரிக் கால்தான், பதினொரு வருடத்துக் கால். யாராவது "எடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தானாக எழும்பிவிடும்.

யாராவது.

11 ஆகஸ்ட், வியாழன்

(புத்தகத்தில்.)

மஞ்சள்: கடைசியில் புரிந்தது. வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும். மூக்கு தானே உள்ளே திரும்பும். பால் லாரி மாதிரியேதான். போன ஞாயிறு சுற்றியதற்குக் காரணம் காலை எடுக்காததுதான். வரும் ஞாயிறு எல்லா வளைவிலும் இப்படியே.

12 ஆகஸ்ட், வெள்ளி

(பில் தாள்.)

ஆடி வெள்ளி. கோயிலில் கூழ். பரமு தூக்குச்சட்டியில் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுவந்தாள். எனக்கு ஒரு குவளை, ரா.வுக்கு ஒரு குவளை. அவனைத் தனியே கூப்பிட்டு என்னமோ பேசினாள். குடும்ப விஷயமாயிருக்கும். என்னிடம் சொல்ல மாட்டார்கள்.

புத்தகத்தைப் பார்த்தேன். பேனா இடம் மாறியிருக்கிறது. படித்துவிட்டான்.

ஞாயிறு அவனும் புல்லில் நிற்பான், வந்த வழியைப் பார்த்துக்கொண்டு. நான் கை தட்டுவேன். அவ்வளவுதான் வேண்டும், வேறொன்றுமில்லை.

13 ஆகஸ்ட், சனி

(பில் தாள்.)

மேகம், மழை இல்லை. பச்சைக்குப் பிரேக் சரிசெய்தேன்.

ரா. இன்று தேன் மாதிரி. தன் ரொட்டி சானாயில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். என் தோளைத் தட்டினான். பால் லாரிப் பேச்சே இல்லை. சாயங்காலம் என் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தான்.

திருடினவன் பாசம்.

14 ஆகஸ்ட், ஞாயிறு

(பில் தாள். எழுத்து கோணல்.)

நல்ல வெயில். தார் சூடு.

பச்சை: நான் முந்தினேன். வெள்ளை: நான், ஆனால் ரா.வும் காத்திருந்து திருப்பினான், அழகாக. என் குறிப்பு.

மஞ்சள்: முதலில் நான். ஆறு சுற்று. கால் அசையவில்லை. இறங்கும்போது டாக்டர் கடிகாரத்தைக் காட்டினார். ரா.வுடைய போன வார நேரத்தைவிடக் குறைவு.

பிறகு அவன் முறை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான். டயர் ஆற மூன்று நிமிடம் போல நேரம் இருந்தது.

"எப்படி இருக்கு மாப்ளே?"

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"நல்லா இருக்கு."

"ஹாதி-ஹாதி" என்று டாக்டர் மலாயில் சொன்னார், பார்த்துப் போ என்று. அவன் கையை ஆட்டினான்.

முதல் இரண்டு வளைவு மெதுவாக. மூன்றாவதில் எஞ்சின் சத்தம் சட்டென்று அறுந்தது. கால் எடுத்துவிட்டான். பின்பக்கம் ஒரே வீச்சு. புல்லில் நிற்கவில்லை. போன வாரம் நான் நின்ற புல்லைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, கதவுப் பக்கமாக ரப்பர் மரத்தில்.

நான்தான் முதலில் ஓடினேன். இடது கால் உள்ளே மாட்டியிருந்தது. ஜாக்கி வைத்து எடுத்தோம். அவன் கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான், அந்தப் பிடியில் என் விரல் இன்னும் வலிக்கிறது.

கை தட்ட மறந்துவிட்டேன் என்று இப்போது எழுதும்போதுதான் நினைவு வருகிறது.

15 ஆகஸ்ட், திங்கள்

(பில் தாள்.)

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. கிளட்ச் மிதிக்கிற கால். இனி எப்படி என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

பரமு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சுடுதண்ணி வாங்க அவள் போனதும் ரா. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். அடிப்பான் என்று நினைத்தேன்.

"கோவிச்சுக்காத மாப்ளே. நீ கண்டுபிடிச்ச வழி சரியாத்தான் இருக்கும். நான்தான் காலை லேட்டா எடுத்துட்டேன் போல."

"யாரு சொன்னா, என் வழின்னு?"

"தங்கச்சிதான். நான் எங்க மாப்ளே உன் புஸ்தகமெல்லாம் பார்க்கப்போறேன்? உன் மூளை எனக்கு இல்ல லா. சும்மா மிதிக்கத்தான் தெரியும். கதவுல உன் பேர்தான் வரணும்."

தங்கச்சிதான்.

குழம்புக் கை. மஞ்சள் கறை. எங்கள் வீட்டில் யார் கையில் நாளெல்லாம் மஞ்சள் இருக்கும்? முட்டாள். முட்டாள்.

16 ஆகஸ்ட், செவ்வாய்

(பில் தாள். கடைசித் தாள்.)

மழை. டாக்டர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். மஞ்சள் இனி உதவாது, பந்தயத்துக்கு வெள்ளை. பெயின்ட்காரன் வந்து என் பெயருக்கு எழுத்துக் கணக்குக் கேட்டான். எஸ். மணியம். இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் பரமு அடுப்பு மூட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் புத்தகம், வியாழக்கிழமைப் பக்கத்தில் விரல்.

"உங்க புஸ்தகத்த நான் படிப்பேங்க. ரொம்ப நாளா. நீங்க பேசவே மாட்டேங்கிறீங்க, அதான். அண்ணன எப்படியெல்லாம் எழுதியிருக்கீங்க, அழுதுட்டேன். ஆனா வழியும் எழுதியிருந்தீங்கள்ல. நீங்க வாயால சொல்ல மாட்டீங்கன்னு நான் போய்ச் சொன்னேன். நீங்கதான் சொல்லச் சொன்னீங்கன்னும் சொல்லிட்டேன். யாரு ஜெயிச்சா என்ன, ரெண்டு பேரும் முழுசா வீடு வந்து சேரணும்னுதான்."

குடையை மூலையில் சாய்த்து வைத்தேன்.

"நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்துல நாலாவதோட நின்னவ. இந்த எடத்துல என்ன எழுதியிருக்கு? எடுக்கணும்னா, எடுக்கக்கூடாதுன்னா? நான் தப்பாப் படிச்சிட்டேனாங்க?"

புத்தகத்தை நீட்டினாள். என் கையெழுத்து, அதில் என்றுமில்லாத தெளிவு. சின்னப் பிள்ளைகூடப் படிக்கலாம்.

"ஆமா" என்றேன். "தப்பாப் படிச்சிட்ட."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு தடவை அல்ல. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன், நல்ல புருஷன் மாதிரி. பிறகு முகம் கழுவிக்கொண்டு அண்ணனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். ரா.விடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாளாம். அவள்.

பஸ் போன சத்தம் கேட்டது.

இதற்கு முந்தைய பில் தாள்கள் ஆறு. தேதி வாரியாக அடுக்கி, வியாழக்கிழமைப் பக்கத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்திவிட்டேன். இந்தத் தாளையும் குத்த வேண்டும். பேனா உள்ளே. புத்தகம் அலமாரி மேலே, போர்வைக்கு அடியில், வழக்கமான இடம். ஏழு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள்.