ஒன்பது இடது செருப்புகள்

ஊஃபா
11 மார்ச் 1984

அன்புள்ள வெனியமின் மாமாவுக்கு,

இப்படித் திடீரென்று எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் தல்கத்தின் மகள் ரசிமா. நீங்களும் அப்பாவும் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஜோடியாக இறங்கும்போது வேலிக்கு இந்தப் பக்கம் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேனே, அவள். உங்கள் நீல ஹெல்மெட்டுக்குள் சூரியகாந்தி விதைத் தோலை நிரப்பி வைத்தவள். பலகோவோ அணியோடு இங்கே வந்த மெக்கானிக் ஒருவரிடம் உங்கள் முகவரியை வாங்கினேன்.

எல்லோரும் நலம். அப்பா இன்னும் பயிற்சியாளர்தான். இந்த மே மாதத்தோடு ஓய்வு. எனக்கு இஞ்சினியர் படிப்பு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் முதல் பட்டம் இதுதான் என்று ரொட்டிக் கடை வரிசையில் முன்னால் நிற்பவர்களிடமும் பின்னால் நிற்பவர்களிடமும் அம்மா சொல்கிறாள். நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன்.

ஒரு போட்டோவுக்காகத்தான் எழுதுகிறேன். 1971இல் எடுத்தது. நீங்கள் இருவரும் பல் மட்டும் வெள்ளையாக, மற்றபடி முகமெல்லாம் கரித்தூளாக நிற்கிறீர்கள். நடுவில் ஒரு பெண்ணின் கை மட்டும் பிளாஸ்க்கை நீட்டுகிறது. அது யார் கை? அப்பாவிடம் கேட்டால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார்.

பதில் போடாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன்.

பணிவுடன்,
ரசிமா

பலகோவோ
24 மார்ச் 1984

ரசிமாக் குட்டிக்கு,

பட்டம் வாங்கிய பெண்ணைக் குட்டி என்று கூப்பிடலாமா, தெரியவில்லை. எனக்கு நீ இன்னும் ஹெல்மெட்டில் குப்பை போட்டவள்தான். அன்றைக்கு மூன்று சுற்று தலை அரித்துக்கொண்டே ஓட்டினேன்.

அது சகினாவின் கைதான், உன் அம்மா கை. உனக்கே தெரியும். வரைபடம் போடுகிற பெண்ணுக்குப் பெற்ற தாயின் கை தெரியாதா? எங்கள் இரண்டு ஹெல்மெட்டுக்கும் உறை தைத்தது அந்தக் கைதான். அவனுக்குச் சிவப்பு, எனக்கு நீலம். பந்தயம் முடிந்து வீட்டு வாசலில் நின்றால் அதே கை எங்களைத் தடுக்கும்.

"ரெண்டு பேரும் பூட்ஸை வெளியவே கழட்டுங்க! ஸ்டேடியத்தையே வீட்டுக்குள்ள அள்ளிட்டு வர்றீங்களா?"

"இது மண்ணு இல்ல சகினா, ரெண்டாவது இடம்!" என்பான் உன் அப்பா.

"ரெண்டாவது இடத்தையும் வெளியவே வை."

இங்கே நதிக்கரைப் பட்டறையில் படகு இஞ்சின் பழுது பார்க்கிறேன். எல்லாம் டீசல் நாற்றம். பந்தய வண்டியில் எரியும் ஆமணக்கெண்ணெய் வாசனைக்கு மூக்கு ஏங்குகிறது. மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கிக் கரண்டியில் காய்ச்சிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போய்விட்டாள்.

நான் எழுதியதை அவனிடம் சொல்லாதே. அவன் கால் எப்படி இருக்கிறது?

வெனியமின்

ஊஃபா
5 ஏப்ரல் 1984

அன்புள்ள மாமாவுக்கு,

கால் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மழை வந்தால் வலிக்கிறது. இடது கால்.

போட்டோ ஒரு சாக்குதான். எனக்குப் பேசத்தான் வராது, எழுதவாவது செய்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த விபத்து நடந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. வீட்டில் சொன்னது இதுதான்: சைடுகார் வண்டியை நீங்கள் ஓட்டினீர்கள், அப்பா வலப்புறம் இருக்கும் பக்கப் பெட்டியில் இருந்தார். முச்சந்தியில் பால் லாரி வந்தது. பந்தய வண்டிக்குப் பிரேக்கே கிடையாதே, அந்தப் பழக்கத்தில் நீங்கள் பிரேக்கை மறந்து வண்டியை இடப்பக்கம் திருப்பிக் கம்பத்தில் மோதினீர்கள். அப்பாவின் இடது கால் நசுங்கியது. உங்களை அணியிலிருந்து நீக்கினார்கள். நான் ஆல்பத்தில் இருந்த உங்கள் முகங்களை எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டினேன். 71ஆம் வருடத்துப் போட்டோ அம்மாவின் தையல் பெட்டியில் இருந்ததால் தப்பித்தது.

இந்தக் குளிர்காலம் அப்பா எனக்கு அதே வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பக்கத்தில் கைத்தடியோடு நின்று, "வலது கால்! வலது காலாலே பிரேக்கை மிதி! இடது காலை எடுக்காதே, எடுக்காதே!" என்று கத்துவார். ஒரு நாள் நான் இடது காலைத் தரையில் ஊன்றிவிட்டேன். அவர் முகம் வெளுத்து, அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் நான் பக்கப் பெட்டியில் உட்கார்ந்து பார்த்தேன். அதில் இருப்பவரின் இடது கால் தரையைத் தொட வழியே இல்லை. நடுவில் வண்டி இருக்கிறது. பந்தய வளைவில் இடது பூட்ஸுக்கு அடியில் மாட்டிய இரும்புச் செருப்பை ஊன்றுகிற மாதிரி, வெறும் பூட்ஸோடு இடது காலை ஊன்றியவர்தான் அன்றைக்கு வண்டியை ஓட்டியிருக்க வேண்டும்.

நான் சொல்வது தப்பா, மாமா?

ரசிமா

பலகோவோ
17 ஏப்ரல் 1984

ரசிமா,

தப்பில்லை. இவ்வளவு படிக்க வைத்திருக்கக் கூடாது உன்னை.

விபத்துக்கு அடுத்த வாரம் அவனுக்குப் பயிற்சியாளர் வேலைக்கான கையெழுத்து ஆக வேண்டியிருந்தது. அதோடு இரண்டு அறை வீடும். அதுவரை நீங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தீர்கள். உன் கட்டிலுக்கு மேலேதான் அவனுடைய தோல் உடுப்பு காயும், உன் பள்ளிக்கூட நோட்டில் சொட்டும். விபத்து அவன் தலையில் விழுந்தால் வேலையும் போகும், வீடும் போகும். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, முதுகு போய்விட்டது, தனி ஆள். மிஞ்சினால் இன்னும் ஒரு பந்தயப் பருவம். அவன் மயக்கம் தெளிவதற்குள் போலீஸ்காரரிடம் நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவன் குதித்தான். கட்டுப் போட்ட காலோடு எப்படிக் குதிப்பது, கட்டிலை ஆட்டினான் என்று வை. "நாளைக்கே போய் உண்மையச் சொல்றேன்டா!" என்றான். "சொன்னே, இந்த ஜென்மத்துல உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். நானா சொல்ற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றேன். பண்ணினான். ஜோடிப் பந்தயக்காரன், சொன்ன கோட்டை விட்டு விலக மாட்டான். அதன் பிறகு எனக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. எழுத உட்கார்ந்தால் கை உண்மையை எழுதிவிடும் என்று பயந்திருப்பான். நானும் எழுதவில்லை.

கத்தரித்த முகங்களுக்காக வருத்தப்படாதே. அவை ஒன்றும் அழகான முகங்கள் இல்லை. இதை இத்தோடு விட்டுவிடு, கண்ணு.

வெனியமின்

ஊஃபா
29 ஏப்ரல் 1984

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அம்மா தட்டிக்கொண்டே இருந்தாள். அந்த இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்துதான் நான் படித்துப் பட்டம் வாங்கினேன். நன்றி என்ற வார்த்தை அதற்குப் போதாது. ஆகவே அதை எழுதவில்லை.

இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பந்தயக்காரர் தன் இரும்புச் செருப்பைத் தானே வெட்டிக்கொள்வதில்லை, அவருடைய ஜோடிதான் வெட்டிக் கொடுப்பார் என்பது உங்கள் இருவர் வழக்கமாமே. அப்பா இன்னும் ஒவ்வொரு வசந்தத்திலும் பால்கனியில் தகட்டை வெட்டி வளைக்கிறார். அம்மா, "இந்தப் பழைய இரும்பை எங்கயாவது கொண்டு போய்க் கொட்டுங்களேன்" என்பாள். அவர் அதை ஆணியில் மாட்டிவிடுவார். நேற்று எடுத்து அளந்து பார்த்தேன். ஒன்பது இருக்கின்றன. அப்பாவின் அளவு நாற்பத்தொன்று. எல்லாமே நாற்பத்தைந்து.

மே 20, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டேடியத்தில் அப்பாவுக்கு வழியனுப்பு விழா. திறந்த காரில் ஒரு சுற்று வர வேண்டுமாம். அவர் போக மாட்டேன் என்கிறார்.

"ஊரே வருது. இந்த மனுஷனுக்கு என்ன கேடு?" என்று அம்மா அழுகிறாள்.

"அந்த மைக்கை என் கையில குடுப்பாங்க சகினா. நான் என்னத்தப் பேசுறது?"

"எல்லாரும் பேசுறதைப் பேசுங்க."

"அதான் முடியல."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் உங்கள் பெயரில்தான் ஆரம்பிப்பார், அது சத்தியத்தை உடைப்பதாகும். பேசாமல் வந்தால் உங்கள் பங்கு கைதட்டலையும் சேர்த்து வாங்கியதாகும். அதனால்தான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இனி அவர் வேலையை யாரும் பறிக்க முடியாது. வீடும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. உங்களுடைய சத்தியம் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்துவிட்டது, மாமா.

நானாகச் சொல்ல மாட்டேன். அது நீங்கள் இருவரும் போட்ட முடிச்சு. ஆனால் முதல் கடிதத்திலிருந்தே நான் கேட்க நினைத்தது ஒன்று இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டுத்தான் போட்டோ, கை, பிளாஸ்க் என்று சுற்றி வந்தேன்.

அந்தச் சத்தியத்திலிருந்து அவரை விட்டுவிடுங்கள். தபாலில் வேண்டாம், நேரில் வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். குய்பிஷெவில் ரயில் மாறினால் சனிக்கிழமை மதியம் ஊஃபாவில் இறங்கலாம். ஸ்டேஷன் வாசலில் அதே சைடுகார் வண்டியோடு நான் நிற்பேன். நான்தான் ஓட்டுவேன், பிரேக் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் அன்றைக்கு உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்காருங்கள்.

உங்கள்,
ரசிமா