பிறப்பதற்கு முன்னே ஒரு போர்வை

திங்கள், பிப்ரவரி 1

மன்னித்துக்கொள் பாப்பா, இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு. இரவு மணி பன்னிரண்டேகால். உன் அக்கா கவி இப்போதுதான் தூங்கினாள். நீ உள்ளே என்ன செய்கிறாய் என்று தெரியவில்லை. இந்த நோட்டை உனக்காக எழுதுகிறேன். வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

வெயில். மழை பெய்து பத்து நாள் இருக்கும். நாலாவது மாடியில் ஃபேன் போட்டாலும் அனல்தான்.

இன்று:
- கவிக்கு ஆன்லைனில் தடிகா, பாலர் பள்ளி. "டீச்சர், எங்கம்மா வயித்துல பாப்பா இருக்கு. அது இன்னிக்கி லீவு." வகுப்பே சிரித்தது.
- உன் அப்பா ஃபோன், ஏழு நிமிடம். பிறை ஊரில் அவர் வேலை செய்யும் ஃபேக்டரியில் கோவிட் கேஸ் வந்ததிலிருந்து வேலையாட்களை ஹாஸ்டலிலேயே வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இன்றோடு பதினெட்டு நாள்.
- முட்டை, வெங்காயம் தீர்ந்தது.
- உதை அட்டை: பத்துக்குப் பத்து, ஐம்பதே நிமிடத்தில்.

உதை அட்டை கிளினிக்கில் கொடுத்தது. காலை ஒன்பதிலிருந்து நீ உதைக்கிற ஒவ்வொரு உதைக்கும் ஒரு கோடு. இரவு ஒன்பதுக்குள் பத்துக் கோடு வராவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். உனக்கு முப்பத்துநாலு வாரம். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையைப் பார்க்கிறேன். அதனால்தான் தைக்கிறேன். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும்.

போர்வை: நாலு வரிசை முடிந்தது. மொத்தம் ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது துண்டு, உள்ளங்கை அகலம். எல்லாம் வீட்டுத் துணி. மாஸ்க் தைத்து மிஞ்சியது, அப்பாவின் கைலி, என் காலேஜ் சுரிதார், கவியின் தொட்டில் சேலை. ஊரடங்கில் துணிக்கடை மூடிக் கிடந்தால் என்ன, அலமாரி திறந்துதானே இருக்கிறது.

செவ்வாய், 2

மாட்டிக்கொண்டேன்.

பத்து காவான் ஊரிலிருந்து விஜி அண்ணி வீடியோ கால். உன் அப்பாவின் அக்கா. பேசிக்கொண்டே இருந்தவர் கண்ணைச் சுருக்கினார்.

"பின்னால மெஷின்ல என்ன அது?"

"மாஸ்க் அண்ணி."

"அவ்ளோ பெரிய மாஸ்க் யாருக்கு? யானைக்கா?"

கவி குறுக்கே வந்து, "பாப்பாவுக்கு போர்வை அத்தை!" முடிந்தது கதை.

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி தைக்கக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு? பழைய துணியில சுத்தி வீட்டுக்குக் கொண்டு வந்த பெறகுதான் மத்ததெல்லாம்."

"இதுவும் பழைய துணிதான் அண்ணி."

"தைச்சா அது புதுசு. போன தடவை பட்டது போதாதா?"

போன தடவை. உனக்கும் கவிக்கும் நடுவில் ஒருத்தி. இரண்டு வருடத்துக்கு முன், ஏழாம் மாதம். பசார் சந்தையில் ஒரு மஞ்சள் கவுன் பார்த்தேன், வாங்கிவிட்டேன். இரண்டு வாரத்தில் அவள் அசைவு நின்றுபோனது. கொடி சுற்றிக்கொண்டதாக டாக்டர் சொன்னார். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. கவுன் மட்டும் எல்லாருக்கும் ஞாபகம். பொய் சொல்வானேன், எனக்கும்தான். மைக்ரோபயாலஜி படித்தவள் நான், மூன்று வருடம் லேபில் வேலை பார்த்தவள். அந்தக் கவுனை வாங்கியிருக்கக்கூடாது என்று எத்தனை முறை நினைத்திருக்கிறேன்.

தூக்கிப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டேன் என்றேன். பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

"நிறுத்துறியா இல்லியா?" அண்ணி.

"ஒரு துணி உசுரை எடுக்கும்னா, இந்த ஊர்ல தையக்காரங்க ஒருத்தருக்கும் புள்ளையே இருக்காது, அண்ணி."

கட் பண்ணிவிட்டார். நான் டின்னைத் திறந்தேன். கத்திரிக்கோலை எடுத்தேன்.

புதன், 3

ஐந்தாவது வரிசை, நடுத்துண்டு: மஞ்சள். அவளும் இந்த வீட்டுப் பிள்ளை. எத்தனை நாளைக்கு டின்னில் இருப்பாள்?

நேற்றும் இன்றும் உதை முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. தைத்துக்கொண்டே அட்டையில் கோடு போட்டேன். அப்பாவுக்கு அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். "ஃபுட்பால் டீம்ல சேத்திரலாம் லா" என்கிறார்.

மாலை எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா குருமா கொண்டுவந்தார். போர்வையை விரித்துப் பார்த்தார்.

"இந்தக் கோடு போட்டது உன் மாப்ளை கைலி தானே? துவைச்சுட்டுத்தானே வெட்டுன?"

ஏழு வரிசை. எதிர்த்துத் தைத்தால் கை வேகமாக ஓடுகிறது.

வியாழன், 4 (ஆஸ்பத்திரியில்)

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் மூச்சு விட முடியாது.

நேற்று இரவே ஒன்பது வரிசையையும் சேர்த்து, உள்ளே பழைய கம்பளி, அடியில் படுக்கை விரிப்பு வைத்து ஒட்டித் தைத்தாகிவிட்டது. விளிம்பு மட்டும் பாக்கி. காலை உட்கார்ந்தேன், முதல் தையலிலேயே ஊசி உடைந்தது. வேறு ஊசி இல்லை. சரி, இன்றைக்குச் சும்மா எண்ணுவோம் என்று சோபாவில் உட்கார்ந்தேன்.

பத்து மணி: பூஜ்யம்.
பதினொன்று: பூஜ்யம். நீ விழிக்கட்டும் என்று ஐஸ் போட்ட ரோஸ் சிரப் குடித்தேன். இடப்பக்கம் படுத்தேன்.
பதினொன்றரை: ஒன்று. அதுவும் நானே நினைத்துக்கொண்டதோ என்னவோ.

எழுந்து வந்து மெஷின் மேசையில் சாய்ந்து நின்றேன். வயிறு மேசை விளிம்பில் இடித்தது. கவி நாற்காலியில் ஏறி, ஊசியில்லாத மெஷினை மிதித்து விளையாடிக்கொண்டிருந்தாள். உதை! இன்னொன்று! கோடு போடப் பேனாவை எடுத்தேன்.

கவி காலை எடுத்தாள். நின்றது.

மிதித்தாள். உதை.

எடுத்தாள். ஒன்றுமில்லை.

மூன்று நாளாக நான் எண்ணியது உன்னை இல்லை பாப்பா. மெஷினை. வயிற்றை மேசையோடு ஒட்டி வைத்துக்கொண்டு தைத்திருக்கிறேன். அந்த அதிர்வுக்கெல்லாம் கோடு போட்டிருக்கிறேன். போட்டு, அப்பாவுக்குப் பெருமையாகப் படம் வேறு.

இரவு ஒன்பது வரை யார் காத்திருப்பது? மும்தாஜ் அக்கா கதவைத் தட்டினேன். என் முகத்தைப் பார்த்தார். கவியைத் தன் பெரிய மகளிடம் விட்டுவிட்டுக் காரை எடுத்தார். போர்வையையும் பையில் திணித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியாது.

ரோட்டில் போலீஸ் தடுப்பு. ஒரு காரில் ஒரே வீட்டார்தான் போகலாம் என்பதால், இரண்டு பேரும் ஒரே வீடா, வேறு வேறு வீடா என்று கேட்டார்கள். அக்கா மலாயில் சத்தம் போட்டார்: நீங்க இன்னும் கொஞ்சம் பேசிட்டு நின்னா கார்ல நாங்க மூணு பேராயிடுவோம் என்சிக்! விட்டுவிட்டார்கள்.

வாசலோடு அக்கா திரும்பவேண்டியது. உள்ளே நான் மட்டும். கோவிட் டெஸ்டுக்கு மூக்கில் குச்சி. வளையலைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். சென்ற மாதம் வீடியோ காலில் நடந்த வளைகாப்புக்கு என் அம்மா ஈப்போவிலிருந்து அனுப்பியது. மேலே பிளாஸ்டர் சுற்றிவிட்டார்கள்.

வயிற்றில் இரண்டு பெல்ட். அரை நிமிடம் ஒரே இரைச்சல். அந்த அரை நிமிடத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

பிறகு உன் இதயம். குதிரை ஓடுகிற மாதிரி.

அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். தமிழ் நர்ஸ் ஒருவர், மாஸ்க்குக்குள் சிரித்திருக்கவேண்டும்: "மூணு நாளா தையல் மெஷினுக்கா செக்கப் பண்ணீங்க? அது நல்லா ஆரோக்கியமா இருக்கு போலிருக்கு."

"தைச்சதாலதான் இப்படி ஆச்சா, சிஸ்டர்?"

"தைச்சதால இல்லம்மா. தைச்சுக்கிட்டே எண்ணுனதால."

இதை அண்ணிக்கு அப்படியே அனுப்பவேண்டும்.

டாக்டர் சொன்னது: துடிப்பு நன்றாக இருக்கிறது, அசைவுதான் குறைவு. உன் நுரையீரலுக்காக எனக்கு ஊசி. நாளை காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை இங்கேயே எண்ணவேண்டும். பத்து வந்தால் வீடு. வராவிட்டால் நாளை இரவே உன்னை வெளியே எடுத்துவிடுவார்கள், ஆறு வாரம் முன்னால்.

அப்பா: "நான் கெளம்பி வந்துர்றேன். வேலை போனா போவுது."

"வந்தாலும் உள்ள விடமாட்டாங்க. கேட்ல நின்னு என்ன பண்ணப் போறீங்க? அங்கயே இருங்க. ஃபோனைக் கையில வெச்சிருங்க."

வெள்ளி, 5

கோவிட் இல்லை. கஞ்சி. எதிர்க் கட்டிலில் சீனப் பெண், நேற்று பிரசவம். புருஷனுக்கு வீடியோவில் பிள்ளையைக் காட்டுகிறாள், அவன் சத்தமாக அழுகிறான்.

நர்ஸ் ஒரு தையல் ஊசி கொடுத்தார், நூல் பையில் இருந்தது. விளிம்பைக் கையால் தைக்கிறேன். கைத்தையலுக்குச் சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. நீ அசைந்தால் அது நீதான்.

9.40: ஒன்று.
11.15: இரண்டு. 11.20: மூன்று.
சாப்பாட்டுக்குப் பிறகு: நாலு, ஐந்து, ஆறு. மீன் குழம்பு உனக்குப் பிடிக்குமோ?

மூன்று மணிக்கு அண்ணியின் குரல் செய்தி. அப்பா சொல்லியிருப்பார். நாலு முறை கேட்டேன். "எனக்கும் பயமா இருக்குடி. அதான் கத்துனேன்." அடுத்த மூச்சில்: "ஓரத்துக்கு என்ன கலர் போடுற?"

பச்சை என்று அனுப்பினேன். அழுக்குத் தெரியாது, நல்லது என்று பதில்.

5.10: ஏழு.
6.05: எட்டு.
7.00: ஒன்பது. பலமான உதை. நோட்டே ஆடியது.

7.50. விளிம்பில் ஒரு விரல் நீளம்தான் பாக்கி. டாக்டர் ஒருமுறை வந்து அட்டையைப் பார்த்துவிட்டுப் போனார். பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே தைப்பேன். இன்றே உன்னை எடுத்தாலும் இந்தப் போர்வையில்தான் சுற்றச் சொல்வேன், யார் என்ன சொன்னாலும். ஆனால் இன்னும் ஆறு வாரம் உள்ளேயே இரு. அப்பா வரட்டும்.

8.25. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். கையை வயிற்றில் வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்றே ஒன்று பாப்பா. சீக்கிரம் பதில் சொல்.