பக்கத்து சீட்டைக் கழற்றிய மகராசருக்கு

"கனம் குறைஞ்சா மைலேஜ் கூடும்மா."

"அப்போ நான்தான் கனமா?"

"சீட்டைத்தானே கழட்டினேன், உன்னையா..."

பாதிப் பேச்சிலேயே மைலேஜ் பார்க்கிறேனென்று அந்தச் சிவப்புக்காரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டே சீட் உள்ள கார். அதில் ஒன்று கல்யாணமான நாளிலிருந்து என்னுடையது. அவளுக்குப் புது ஸ்பார்க் பிளக், புது ஏர் ஃபில்டர், வாராவாரம் டயருக்குக் காற்று. எனக்கு மூச்சு வாங்கினால் மட்டும், "கொஞ்சம் உட்காரு." இப்போது உட்காரவும் இடமில்லை!

நான் பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, சூடுபண்ணிக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில். பின்கதவுச் சாவி ஆணியில்.

மறந்துவிட்டேன்: என் சீட்டை ஷெட்டில் மழை ஒழுகும் மூலையில் போட்டிருந்தீர்கள். ஹாலுக்கு இழுத்து வந்து, உங்கள் சாய்வு நாற்காலியை அந்த மூலைக்குத் தள்ளிவிட்டேன். டிவி பார்க்க இனி என் சீட்தான் உங்களுக்கு.

தாளின் ஓரத்தில் இடமிருப்பதால் இன்னொன்று. வந்ததும், "பார்த்தியா, எவ்வளவு பெட்ரோல் மிச்சம்!" என்பீர்கள். சரி, அந்த மிச்சத்தில் யாரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுவதாக உத்தேசம்?