காட்டு வழி என் பங்கு

மாரேட்பள்ளி
ஞாயிறு மாலை

அன்பு மகள் சுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். அப்பா சுகம், அவருடைய இடது முழங்கால் முக்கால்வாசி சுகம். நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கார் எங்கள் இருவரையும்விடச் சுகம். எட்மன்டனில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். பனி இறங்கிவிட்டதைப் படத்தில் பார்த்தேன், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ அதை முடித்துவிடுகிறாய். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால்தான் தமிழில். மெதுவாகப் படிப்பாய், குறுக்கே பேச முடியாது. தபாலில் போட்டால் உன்னிடம் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும், அதனால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் இது. டிசம்பர் ஆறாம் தேதி சனிக்கிழமை எங்கள் மின்சார வண்டிக் குழு செகந்திராபாத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரிலே ஓட்டுகிறது. ரிலே ஏன் என்று கேட்பாய். போன வருஷம் பன்னிரண்டு வண்டிகளும் கொடி கட்டிக்கொண்டு ஒன்றாக விஜயவாடாவுக்குப் புறப்பட்டோம். வழியில் சார்ஜ் ஏற்றப் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நுழைந்தன. அங்கே இருந்தது ஒரே ஒரு சார்ஜர். மதியம் முழுக்கப் புளிச்சோறு, சீட்டாட்டம், பிறகு யார் முதலில் என்ற சண்டை. போய்ச் சேர்ந்தபோது கோயில் நடை சாத்தியிருந்தது. அப்போதுதான் சக்ரபாணி சார் யோசித்திருக்கிறார். உனக்கு அவரைத் தெரியும், ராணுவக் கணக்கு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், குழுவுக்கு அவர்தான் தலைவர். எல்லோரும் சேர்ந்து போக வேண்டாம், ஒவ்வொருவரும் முன்னாலேயே போய் ஒவ்வோர் ஊரில் முழு சார்ஜோடு காத்திருப்போம், ஒரு சார்ஜ் எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவு ஒருவர் பங்கு, வழியில் யாரும் நிற்க வேண்டாம் என்றார். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு எதைக் கொடுப்பது என்பதில் ஒரு மாலை போனது. வெள்ளிக் கோப்பை என்றார்கள், ஹுசேன் சாகர் தண்ணீர் என்றார் ஒருவர், எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். கடைசியில் என் தோழி ஜுலைகா சொன்னதுதான் நின்றது. ஒரு டப்பா உஸ்மானியா பிஸ்கட். வாங்குகிறவர் ஒன்று சாப்பிட்டுவிட்டு ஓட்ட வேண்டும். கன்னியாகுமரியில் மீதி இருந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம்.

பெங்களூர் நெடுஞ்சாலை வேண்டாம் என்று முடிவாயிற்று. அதில் சார்ஜர்கள் நிறைய வந்துவிட்டன, யார் வேண்டுமானாலும் போகலாம். ஸ்ரீசைலம் வழி. மன்னனூரில் காடு ஆரம்பிக்கிறது, தோர்ணாலாவில் முடிகிறது. நடுவில் நல்லமலை. குரங்கு, மூங்கில், வளைவு. கிருஷ்ணா நதிவரை இறக்கம், பாலத்தைத் தாண்டினால் ஏற்றம். சார்ஜர் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது, போனும் பல இடங்களில் பேசாது. அந்தக் காட்டு வழி என் பங்கு. நானே கேட்டு வாங்கியது.

கேட்டு வாங்கிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, சுப்ரியா. நானும் ஜுலைகாவும் அனந்தகிரி மலைக்குப் போய்ப் போய் வந்தோம். கம்பெனியில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் இப்போது என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டு சார்ஜ் எண்ணைப் பார்த்துச் சொல்வாள். ஏறும்போது சார்ஜ் கண் முன்னால் கரைகிறது. உச்சியில் திரும்பி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியை அதன் போக்கில் இறங்கவிட்டால், எண் கூடுகிறது. நாற்பத்தொன்று நாற்பத்திரண்டாகிறது. நாற்பத்திரண்டு நாற்பத்துமூன்று. இறங்க இறங்க நிரம்புகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் சிரித்தோம். எதற்கு என்று தெரியவில்லை. முப்பது வருஷம் கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னல் எனக்கு. எந்த வழி, எங்கே நிற்பது எல்லாம் வேறு யாரோ முடிவு செய்தது. இப்போது எந்த வளைவில் காலை எடுக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்கிறேன்.

செப்டம்பரில் ஒரு ஒத்திகை வைத்தோம், முதல் இரண்டு பங்குக்கு மட்டும். அதுவும் சனிக்கிழமைதான். செகந்திராபாத்திலிருந்து மன்னனூர்வரை நாராயணஸ்வாமி சார், அங்கிருந்து நான். நானும் அப்பாவும் முதல் நாளே அச்சம்பேட்டையில் லாட்ஜில் தங்கி வண்டியை முழுக்க நிரப்பிக்கொண்டு, மன்னனூர் டீக்கடையில் காத்திருந்தோம். குழுவின் விதி ஒன்று உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே காட்டைத் தாண்டிவிட வேண்டும், நேரமாகிவிட்டால் நுழையவே கூடாது. மதியம் வந்துவிடுவார் என்று கணக்கு. ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருந்து, தேங்காய் உடைத்து, அதன் பிறகு கிளம்பியிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. சார்ஜ் குறையக் கூடாது என்று ஏசியை அணைத்துவிட்டார், ஜன்னலைத் திறந்தால் காற்று இழுக்கும் என்று அதையும் திறக்கவில்லை. ஒரு பருத்தி லாரியைப் பிடித்து, காற்றை அது தாங்கும், நாம் பின்னால் ஒட்டிக்கொண்டே போகலாம் என்று வழி முழுக்க அதன் வேகத்திலேயே வந்திருக்கிறார். நடுநடுவே சார்ஜ் எண்ணைப் படமெடுத்துப் போனில் குழுவுக்கு அனுப்புகிறார், எல்லோரும் கை தட்டுகிறார்கள். யாருக்கும் நேரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நானும் கை தட்டினேன். வெயில் சாய்ந்தபின் வந்து இறங்கினார். சட்டை பிழிந்தால் ஒரு பக்கெட் தண்ணீர் வரும். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாருங்கம்மா, அறுபத்திநாலு பர்சென்ட் மிச்சம்."

அப்பா சொன்னார், "மிச்சத்தை யாருக்கு சார் எழுதி வைக்கப் போறீங்க? பொழுது சாஞ்சிடுச்சே."

சக்ரபாணி சாருக்குப் போன் போட்டோம். விதி விதிதான், திரும்பி வாருங்கள் என்றார். எதிரே காடு. என் வண்டியில் நூறு. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். ஆறாம் தேதிக்கு அதனால்தான் புது விதி போட்டிருக்கிறோம். விடிந்ததும் புறப்பாடு, பாதிக்கு மேல் மிச்சம் வைப்பவர் எல்லோருக்கும் டிபன் வாங்கித் தர வேண்டும். நாராயணஸ்வாமி சார் அன்றிலிருந்து ஏசி போட்டுக்கொண்டு ஓட்டுகிறாராம்.

இனிமேல்தான் உனக்கான பகுதி. இன்று காலை மல்லாபூரில், குழுவில் இருக்கும் உமேஷின் பட்டறையில் கடைசிக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மெஷின்கள் ஓடவில்லை, பேசியது எல்லாம் தகரக் கூரையில் எதிரொலித்தது. சக்ரபாணி சார் யார் யாருக்கு எந்தப் பங்கு என்று வாசித்தார். மன்னனூரிலிருந்து தோர்ணாலா, நாராயணஸ்வாமி. பரேட் மைதானத்தில் கொடி அசைத்துத் தொடங்கி வைப்பது, சாந்தா துரைராஜ்.

கொடி.

நான் பேசுவதற்கு முன்னால் ஜுலைகா எழுந்துவிட்டாள். "ஜண்டா ஹிலானேகு சாந்தாவா? கைக்கு?" என்றாள், கொடி ஆட்டவா சாந்தா, ஏன் என்று. அவள் குரல் உனக்குத் தெரியுமே. சக்ரபாணி சார் கண்ணாடியைத் துடைத்தார். உமேஷ் எல்லோருக்கும் சமோசா எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாராயணஸ்வாமி சாரால்தான் தாங்க முடியவில்லை. "நான் கேக்கலம்மா. கனடாலேர்ந்து உங்க பொண்ணு போன் பண்ணிச்சாம். அம்மாவுக்குக் காட்டு வழி வேண்டாம், சொன்னது நான்னு சொல்லாதீங்கன்னு."

அப்பா சமோசாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்தே சக்ரபாணி சார் நம்பர் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று புரிந்துவிட்டது. நாளையிலிருந்து அவருக்குக் காலையில் உப்புமாதான், ஆறாம் தேதி தாண்டும்வரை.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. வண்டியில் திரும்பி வரும்போது கோபம் இருந்தது, தார்நாகா தாண்டுவதற்குள் இறங்கிவிட்டது. நீ எதைப் பார்த்துப் பயந்தாய் என்று எனக்குத் தெரியும். கோடையில் போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து மூட்டை மூட்டையாக மாங்காய் ஏற்றிக்கொண்டு வந்தபோது பாலத்தின் மேல் சார்ஜ் தீர்ந்து நின்றேன், பின்னால் லாரிகள், நீ வீடியோவில். என் முகத்தை நீ பார்த்தாய். அந்த முகம் உனக்குள் நின்றுவிட்டது. அது நிஜ முகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு வேறு முகங்களும் வந்துவிட்டன, அவற்றை நீ பார்க்கவில்லை, நீ பன்னிரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிறாய். உனக்கு விடியும்போது எங்களுக்கு எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது.

ஒன்று கேட்கிறேன். போன ஜனவரியில் கண் தெரியாத பனியில் நீ கால்கரி வரை ஓட்டிக்கொண்டு போனாய். போய்ச் சேர்ந்தேன் என்று நீ அனுப்பும்வரை நான் சாப்பிடவில்லை. அதற்காக உன் ஆபீசுக்குப் போன் போட்டு, என் பெண்ணை அனுப்பாதீர்கள், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள் என்று சொன்னேனா? பயப்பட்டேன். நீ ஓட்டினாய். இரண்டும் நடந்தது. நமக்குள் அப்படித்தானே இருக்க வேண்டும்.

கூட்டம் எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். நான் எழுந்து, என் பங்கை நான் கொடுக்கவில்லை, அதனால் அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்றேன். நாராயணஸ்வாமி சார் உடனே, தனக்குச் செகந்திராபாத்திலிருந்து மன்னனூர்வரையே போதும் என்று ஒதுங்கிக்கொண்டார். சக்ரபாணி சார் மட்டும் விதியைப் பிடித்துக்கொண்டார். வண்டி உன் பெயரில் இருக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரர் சம்மதம் என்று குழுவில் ஒரு வரி போட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். மற்ற எல்லோருடைய வண்டியும் அவரவர் பெயரில், இந்த விதி இதுவரை யாரையும் தொட்டதில்லை. என்னைத்தான் தொட்டது. அப்போது ஜுலைகா கைப்பையைத் திறந்து தன் வண்டிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ஃபிகர் நக்கோ சாந்தா, கவலப்படாத. என் காடி இருக்கு. சொந்தக்காரி நானு, சம்மதம், எழுதிக்கோங்க." சக்ரபாணி சாரும் எழுதிக்கொண்டார்.

அவள் வண்டி குழுவுக்குக் கூடுதல் வண்டி. காட்டுக்குள் ஓட்டுகிறவருக்குப் பின்னால் துணைக்கு வருவதற்காக வைத்திருப்பது. உன் வண்டியில் நான் போனால் ஜுலைகா என் பின்னால் வருவாள். அவள் வண்டியை நான் எடுத்துக்கொண்டால் அவள் என் பக்கத்தில் இருப்பாள், பின்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மிரட்டுகிறேன் என்று நினைத்துவிடாதே. கொஞ்சம் மிரட்டல்தான். உன் வண்டியின் ஒவ்வொரு முனகலும் எனக்குத் தெரியும், ஏற்றத்தில் எங்கே அது யோசிக்கும், எங்கே யோசிக்காது என்று கால் பாதத்துக்குத் தெரியும். அதில்தான் போக ஆசை. நீ வாங்கிக் கொடுத்ததில்.

மற்றபடி செய்தி ஒன்றும் இல்லை. கீழே பார்க்கிங்கில் நாம் தனி மீட்டர் போட்டும் செக்ரட்டரி தினமும் ஒருமுறை வந்து, பொதுக் கரண்டை எடுக்கிறோமா என்று வயரைப் பார்த்துவிட்டுப் போகிறார். மிளகுப் பொடியும் பருப்புப் பொடியும் அடுத்த வாரம் ஒருவர் மூலம் வருகிறது, மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாது, நெய் விட்டுக் கொடு. தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர்த் தண்ணீரில் உன் முடி கொட்டுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. கார் கண்ணாடியில் உறைந்த பனிமேல் வெந்நீர் ஊற்றாதே, விரிசல் விடுமாம், எங்கள் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஓட்டுகிற வழி எல்லாம் பத்திரமாக, நீண்ட ஆயுசோடு இருக்க அம்மா அப்பா இருவருடைய ஆசீர்வாதம். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே, இங்கே வெள்ளி என்றால் உனக்கு வியாழன் ராத்திரியே. ஆறாம் தேதி மன்னனூரில் டப்பாவை வாங்கி, ஒரு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, நான் காட்டுக்குள் போகிறேன். அது முடிவாகிவிட்டது. எந்த வண்டியில் என்பதை மட்டும் நீ சொல்.

உன் அம்மா,
சாந்தா