முனியாண்டி கேட்கும் போர்வை

புரட்டாசி 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். செருப்பு வார் அறுந்தது, தைக்கக் கொடுக்கணும். பினாங்குத் துறைமுக ஆபீஸ் மாடியில் வழக்கம்போல இரண்டு கொடியும் ஏற்றினேன். பெரிய கம்பத்தில் ராஜா கொடி. லண்டனுக்கும் அதுதான், இங்கும் அதுதான். சின்னக் கம்பத்தில் நம் ஊர்க் கொடி. நீலத் துணி, சிவப்புக் கட்டத்துக்குள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்காக மூன்று கிரீடம். மூலையில் ராஜா கொடி குட்டியாக. அங்கேயும் அவர் விடுவதில்லை.

ஊர்க் கொடியைத் தொடவே கை கூசியது. சனிக்கிழமை அது முனியாண்டியின் பிணத்தின் மேல் கிடந்தது. ஆபீஸ் படகு கவிழ்ந்து செத்தவன், என் கூட்டாளி. துரை மரியாதையாகக் கொடி போர்த்தச் சொன்னார். ராஜா கொடியா என்று கேட்டதற்கு, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிரித்தார். "அது பட்டாளத்துக்காரனுக்குய்யா. இவன் ஊர்ப் படகுக்காரன், ஊர்க் கொடி போதும்."

தீ வைக்குமுன் அதை உருவிக்கொண்டு வரச் சொன்னதும் அவர்தான். சர்க்கார் சொத்தாம். உருவினேன். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லையே. அவன் மனைவி அஞ்சலைக்குத் தெரியாது. அவனோடு எரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

செவ்வாய்

மழை இல்லை. நல்ல காற்று. ராஜா கொடி படபடவென்று அடிக்கிறது. பக்கத்திலேயே ஊர்க் கொடி அசையாமல் தொங்கல். இறக்கிப் பிழிந்தேன், தண்ணீர் கொட்டியது. விரலை நாக்கில் வைத்தேன். உப்பு.

வீட்டில் சொன்னேன். "பொணத்துத் துணியத் தொட்டுட்டு உள்ள வராதீங்க. மொதல்ல போய்க் குளிங்க," என்றாள் இவள். மீன் குழம்பு. இறங்கவில்லை.

புதன்

உச்சிக்கு ஏற்றிய ஊர்க் கொடி, திரும்பிப் பார்த்தால் பாதிக் கம்பத்தில். முடிச்சு நான் போட்டபடியே இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

"யாரு செத்தது, தம்பி?"

"யாரும் சாகல லா."

மறுபடி ஏற்றினேன். மறுபடி பாதி. பயமாக இருக்கிறது. கிராணிக்கு நான் குடித்திருக்கிறேன் என்று சந்தேகம்.

வியாழன்

பசாரில் அஞ்சலை. கண் வீங்கியிருந்தது.

"தெனமும் கனவுல வர்றாருண்ணே. குளிருதாம். போர்வைய யாரோ உருவிட்டாங்களாம்."

வாங்கிய கருவாட்டைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

வெள்ளி

ஊர்க் கொடிக்கு மாற்று இல்லை. அதை எரித்தால் வேலை போகும், இந்த ஊரில் வேறு யார் என்னை வேலைக்கு எடுப்பார்கள்? ஸ்டோரில் ஒரு கிழிந்த ராஜா கொடி, எப்படியும் எரிக்க வேண்டியதுதான். இன்னும் பெரிசு. அவனுக்கு வேண்டியது துணிதானே. பத்து லஞ்சாங்கில் இருக்கும் சுடுகாட்டுக்குத் தனியாகப் போய், அவனை எரித்த இடத்திலேயே எரித்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. இவளிடம்கூடச் சொல்லவில்லை. அப்பாடா.

சனி

வெயில். அஞ்சலை ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"நேத்துப் பெரிய துணி ஒண்ணப் போத்திட்டு வந்தாருண்ணே. செவப்பு, வெள்ள, நீலம். ஓரமெல்லாம் கருகல். 'இது ராஜாவோடது. என் படகுல பறந்தது இது இல்ல'ங்குறாரு. இன்னும் நடுங்குறாரு."

அவளை வாசலிலிருந்து ஓரமாகக் கூட்டிப் போனேன்.

"யாருகிட்டப் போய்க் கேக்கன்னேன். உங்க பேரச் சொன்னாரு."

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவள் அழவில்லை, திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மாடி ஏறினேன். கயிற்றில் கை வைத்ததுமே கொடி தானாக இறங்கி வந்தது. மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். நெஞ்செல்லாம் சில்லென்று ஈரம். படிக்கட்டில் கிராணி. "அதோட வெளிய போனா திரும்பி வராத," என்றார். சரி என்றேன்.

சுடுகாட்டுக்குப் போக ரிக்‌ஷாவுக்காக நிற்கையில் இதைக் கிறுக்குகிறேன். பக்கத்தில் அஞ்சலை. பொம்பளைங்க அங்கே வரக்கூடாது, வீட்டுக்குப் போ என்றேன்.

"உருவுனப்ப நான் இல்லண்ணே," என்றாள். "போத்துறப்பவாவது நிக்கிறேன்."