இரண்டு பேர் பணம் கொடுத்த மோட்டார்

மார்ச் 9, திங்கள்

எட்டு மணிக்கே உப்பளத்தில் வெயில். காற்று இல்லை. உப்பு கழுவும் இரண்டாம் நம்பர் பம்பில் பேரிங் சத்தம். ஸ்டோரில் பேரிங் இல்லை. கேட்டு ஒன்பது நாள் ஆகிறது. கேட்டால் "வருது வருது".

செய்ய வேண்டியவை:
– பேரிங், திண்டிவனத்தில் நானே வாங்க
– கிரஷர் பெல்ட் இறுக்க
– அம்மா கால் வெடிப்புக்குக் களிம்பு
– முடி வெட்ட

மதியம் பிரபு. இங்கே லோடிங் பார்ப்பவன், என்னோடு பாலிடெக்னிக் படித்தவன். பாண்டிச்சேரியில் ரியா ஆடுகிற பாருக்கு என்னை முதலில் கூட்டிப்போனவனும் அவனே. சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தான்.

"டேய், யார்கிட்டயும் சொல்லாத. ரியாவுக்கு ஒரு உதவி பண்ணேன்."

"இன்னா உதவி?"

"அவங்க அப்பா போர் மோட்டாரு எரிஞ்சுபோச்சு. ரீவைண்டிங்குக்கு நான்தான் குடுத்தேன். எட்டாயிரம்."

போனில் போட்டோ காட்டினான். மோட்டாரின் நேம்பிளேட். 5 HP. சீரியல் நம்பர் கடைசி நான்கு எண் 0417.

அதே நேம்பிளேட் என் போனிலும் இருக்கிறது. அதே எட்டாயிரம். கொடுப்பதற்கு முன் நேம்பிளேட் போட்டோ கேட்டவன் நான். சும்மா கொடுக்கிற மடையன் இல்லை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

என் போனை அவன் பக்கம் திருப்பினேன். பார்த்தான். சிரித்தான்.

"உனக்குமாடா? சரி விடு, போனது போச்சு. சாம்பார் இருக்குதா?"

சாம்பாரை அவன் பக்கம் தள்ளினேன்.

மார்ச் 10, செவ்வாய்

நாள் முழுக்க அதே நினைப்பு. வேலையில் தப்பு. கிரஷர் ஸ்விட்சை ஆஃப் செய்யாமலே கை வைக்கப் போனேன். உப்பு வாரும் கன்னியம்மா அக்கா கத்தியதால் கை தப்பியது.

"இன்னா தம்பி, கல்யாணம் நிச்சயமாயிடுச்சா? ஆளே வேற எங்கயோ கீற."

அந்த பாரில் பணத்தை நேரே கையில் கொடுக்கக் கூடாது. கவுண்டரில் கட்ட வேண்டும். வெயிட்டர் ஒரு பிளாஸ்டிக் மாலையைக் கொண்டுபோய் ஆடுகிற பெண்ணுக்குப் போடுவான். பாட்டு முடிந்ததும் மாலை கவுண்டருக்கே திரும்பி வரும். அடுத்தவன் அதையே வாங்குவான். தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிற பம்ப் மாதிரி. இதை முதல் நாளே கண்டுபிடித்து பிரபுவுக்கு விளக்கினேன். கண்டுபிடித்த பிறகும் ஆறு சனிக்கிழமை மாலை வாங்கினேன்.

மோட்டார் காசு மாலைக் கணக்கில் இல்லை. ரியா போனில் கேட்டாள், போனில் அனுப்பினேன். "உங்க கிட்ட மட்டும்தான் கேக்குறேன்" என்றாள். அந்த "மட்டும்தான்" இரண்டு மாதம் என் தலைக்குள் ஓடியது.

பிரபுவிடம் கேட்டேன். அவனிடமும் அதே வார்த்தை.

மார்ச் 11, புதன்

பிசுபிசுப்பு. கடல் காற்று மாலையில்தான் வந்தது.

ரீவைண்டிங் முடிந்ததும் ரி. எனக்கு பில் போட்டோ அனுப்பியிருந்தாள். (இனிமேல் ரி. என்றே எழுதுகிறேன். அம்மா இந்த நோட்டை எடுத்தால்?) பில்லில் கடை போன் நம்பர். அடித்தேன். எலக்ட்ரிகல் ஆள் மாதிரி பேசினேன், எலக்ட்ரிகல் ஆள்தானே. 0417 மோட்டார் யாருடையது, கேபிள் சைஸ் சொல்லணும் என்றேன். ஊரும் பெயரும் கொடுத்துவிட்டார்கள். ஏழுமலை. கிளியனூரிலிருந்து உள்ளே போகணும்.

இரண்டு நிமிட வேலை.

மார்ச் 12, வியாழன்

அரை நாள் லீவு. காரணம்: வயிறு.

வழியெல்லாம் ஒரே வரியை ஒத்திகை பார்த்தேன். "என் பணத்தை எடுத்து வையுங்க."

ஏழுமலைக்கு அறுபது இருக்கும். வயலில் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். என் பாக்கெட்டில் டெஸ்டர் இருந்தது. அதைப் பார்த்து அவராகவே முடிவு செய்துகொண்டார்.

"கடையில இருந்து அனுப்புனாங்களா தம்பி? காலையில இருந்து உறுமுது, எடுக்க மாட்டேங்குது."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உறுமல் காதில் விழுந்ததும் கை தானாகப் போய்விட்டது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். மூன்று ஒயரில் ஒன்றின் முனை கருகிக் கிடந்தது, ஸ்க்ரூ லூஸ். கரண்ட் கூடினால் நிறுத்த வேண்டிய ரிலேவைத் தாண்டி யாரோ நேராக ஒயர் போட்டிருந்தார்கள். முனையை வெட்டி, புதிதாக முறுக்கி, இறுக்கினேன். ரிலேவைத் திரும்ப இணைத்தேன். பத்து நிமிடம். தண்ணீர் வந்தது.

மோர் கொடுத்தார். குடித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

"நெல்லு பால் புடிக்கிற நேரம் தம்பி. பொண்ணு மட்டும் இல்லன்னா இந்த போகம் அவ்ளோதான்."

"பொண்ணு இன்னா பண்ணுதுங்க?"

தெரிந்துகொண்டே கேட்டேன்.

"பாண்டிச்சேரில துணி கம்பெனி. சூப்பர்வைசரு."

பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. காசு என்னுடையது, பெருமை இவருக்கா?

நான் சொன்னது அப்படியே: "சூப்பர்வைசரெல்லாம் இல்லீங்க. பார்ல ஆடுது. நாங்க குடுக்குற துட்டுலதான் உங்க மோட்டாரு ஓடுது."

அவர் நம்பவில்லை. வேறு யாரோ என்றார். போனை எடுத்தேன். வீடியோ எடுக்கக் கூடாது என்று பாரில் போர்டு இருக்கும். எடுத்திருந்தேன்.

வெயிலில் ஸ்க்ரீன் தெரியவில்லை. போனை வாங்கிக்கொண்டு கொட்டகை நிழலுக்குள் போனார். பார்த்தார். பாட்டுச் சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது. பக்கத்து வயலில் ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இத எப்படி நிறுத்துறது தம்பி?"

நிறுத்திக் கொடுத்தேன்.

பணத்தைக் கேட்கவில்லை. மறந்தே போனேன்.

மார்ச் 13, வெள்ளி

பேரிங் வந்தது. சைஸ் தப்பு.

பிரபுவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

"டேய், வீட்டுக்கா போன?"

"ஏமாத்துனா கேக்கக் கூடாதா?"

"கேட்டியா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குடா போன?"

சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தான்.

நான் சொன்னதில் பொய் எது? ஒன்றும் இல்லை. அவள் ஆடுவது உண்மை, வீடியோ உண்மை, காசு உண்மை. மூன்று தரம் சரிபார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. தூக்கம் மட்டும் வரவில்லை.

மார்ச் 14, சனி

இந்தச் சனிக்கிழமை பாண்டிச்சேரி போகவில்லை.

காலை பதினொன்று. இரண்டாம் நம்பர் பம்ப் ட்ரிப் ஆனது. பெட்டியைத் திறந்தால் ஒரு ஒயர் லூஸ். இறுக்கினேன். ரிலே இருந்ததால் மோட்டார் பிழைத்தது. ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கும்போதே உறைத்தது.

பிரபுவிடம் ஓடினேன். "அவ அனுப்புன பில்லு உன்கிட்ட இருக்குதா?"

"அன்னிக்கு நேம்பிளேட்டுதான் காட்டுனேன். பில்லும் இருக்குது. ஏன்?"

அவனுடையது போன செப்டம்பர். என்னுடையது ஜனவரி. பில் நம்பரும் வேறு வேறு.

ரீவைண்டிங் என்றால் உள்ளே இருக்கும் சுருள் மட்டும் புதிது. உடம்பு பழையது. நேம்பிளேட் பழையது. சீரியல் நம்பர் சாகும்வரை அதேதான். ஒரு ஒயர் லூஸாக இருந்து ரிலேவும் இல்லையென்றால் மோட்டார் எரியும். புதுச் சுருள் கட்டிப் போட்டாலும் மறுபடி எரியும். பெட்டியை ஒருத்தன் திறந்து பார்க்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். இரண்டாம் வருடப் பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். வியாழக்கிழமை அந்த ஸ்க்ரூவை இறுக்கியவனும் நான்.

இரண்டு தடவை எரிந்தது. இரண்டு பேரிடம் கேட்டாள். அவ்வளவுதான்.

"மட்டும்தான்" என்று சொன்னது பொய். சரி. நான் அவளிடம் சொன்னவை:
– இன்ஜினியர் (டிப்ளமோ)
– உப்பளம் எங்களுடையது, நாற்பது ஏக்கர் (ஒரு பாத்தி கூட இல்லை)
– அம்மா வீட்டில் சும்மா இருக்கிறாள் (அடுத்தவர் அளத்தில் இருபது வருடமாக உப்பு வாருகிறாள்)

மூன்றாவதை எழுதும்போது கை நின்றது. அம்மா பக்கத்து அறையில் காலுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருக்கிறாள்.

ரி.க்கு ஏழு தரம் போன். எடுக்கவில்லை. வீடியோவை அழித்தேன். அழித்து என்ன. பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

ஒன்றும் இல்லை. கூனிமேடு வரைக்கும் பைக்கில் போய்த் திரும்பினேன். டீ.

மார்ச் 16, திங்கள்

மணி 10.20. கேட்டில் ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து ஏழுமலை இறங்கினார்.

"உப்பளத்து மொதலாளி பையன பாக்கணும்."

லோடிங் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மொதலாளிக்கு இரண்டும் பெண்கள். அவர் என் பெயரைச் சொன்னார்.

"மெயின்டனன்ஸ் தம்பியா? அது எப்போ மொதலாளி பையன் ஆச்சு?" கன்னியம்மா அக்கா. கூடையைக் கீழே போட்டுவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். நான் பம்ப் பக்கத்தில் கிரீஸ் கையோடு நின்றேன். ஓடியிருக்கலாம். ஓடவில்லை, அதற்கும் தைரியம் இல்லை.

அவர் சிரிக்கவில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்தார். மோட்டார். போரிலிருந்து மேலே தூக்கியிருக்கிறார். சேறு காயவில்லை. பைப் சுருள், கேபிள், கயிறு, எல்லாம்.

"உங்க பொருளு. எடுத்துக்குங்க."

"அய்யா, நான் சொன்னது தப்பு. அது உண்மையாவே ரெண்டு வாட்டி எரிஞ்சிருக்குது. அவங்க ஏமாத்தல."

"ஏமாத்துனாளா இல்லையான்னு கேக்க வரல. உங்க துட்டுல ஓடுதுன்னு சொன்னீங்க. இனிமே ஓட வேணாம்."

"பயிரு?"

டிரைவரும் அவருமாக இறக்கி, உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கன்னியம்மா அக்கா மட்டும் கேட்டாள்.

"யாரு தம்பி அவரு? இன்னா பண்ண அவர?"

மாலை நாலு மணிக்கு ரி. போன். அவளாகவே. கத்துவாள் என்று நினைத்தேன்.

"வந்தது யாரு, எங்க வேலைன்னு கேட்டதோட சரி, நாலு நாளா வாய தொறக்கல எங்க அப்பா. இன்னிக்கு ஆளுங்கள கூப்ட்டு மோட்டார தூக்கிட்டாரு."

"தப்புதான். நான் வந்து—"

"கேளு. உனக்கு கோவம்னா என்னை கேட்டிருக்கணும். திருப்பி குடுத்திருக்க மாட்டேன், அது வேற. ஆனா என்னைதான் கேட்டிருக்கணும்."

"ஆமா."

"இன்னும் மூணு நாள் தண்ணி இல்லன்னா நெல்லு பதராயிடும். நாளைக்கு கொண்டாந்து எறக்கு."

"அப்பா விடுவாரா?"

"அது என் பாடு. நீ வாய தொறக்காம வேலைய பாரு. உன் வாய் பட்டதெல்லாம் போதும்."

மார்ச் 17, செவ்வாய்

லீவு. இந்தத் தடவை காரணம் எழுதவில்லை.

வண்டி பிடித்து ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வயலில் வெடிப்பு விட ஆரம்பித்திருக்கிறது. ரி. போர் பக்கத்தில் நின்றிருந்தாள். நைட்டி, மேலே துண்டு, பவுடர் இல்லாத முகம். தெருவில் பார்த்தால் அடையாளம் கண்டிருக்க மாட்டேன். உண்மையான பெயர் மகேஸ்வரி. பக்கத்து வயல் அம்மா கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

"யாரு மகேசு இது? அன்னிக்கும் வந்துச்சே இந்த தம்பி, பாட்டெல்லாம் போட்டுக்கினு."

"மோட்டாருக்காரருக்கா. எறக்க வந்திருக்காரு."

"நல்லா ஓடிட்டிருந்தத ஏன் தூக்குனாரு உங்க அப்பா?"

"ஃபுட் வால்வுல மண்ணு."

போருக்குள்ளே தண்ணீரில் கிடக்கும் சப்மெர்சிபிளுக்கு ஃபுட் வால்வே கிடையாது. வாயைத் திறக்கவில்லை.

மோட்டாரைத் துடைத்தேன். நேற்று ஒரு நாள் உப்புக்காற்று, போல்ட்டில் அதற்குள் செம்புள்ளி. கேபிள் ஜாயின்ட் புதிதாகப் போட்டேன், மூன்று சுற்று டேப். இறக்க நாலு பேர் வேண்டும். நான், வண்டி டிரைவர், பக்கத்து அம்மாவின் வீட்டுக்காரர். நாலாவது ஆள் இல்லை. ஏழுமலை வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ரி. அவர் பக்கம் போய் நின்றாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, சொன்னாளா என்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தார். என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். நூற்றுப்பத்து அடி. அவர் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது.

11.40. ஸ்விட்ச். இரண்டு நிமிடம் காற்று, சேறு, அப்புறம் தண்ணீர். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போய்விட்டார். மகளையும் பார்க்கவில்லை. அந்த அளவுக்குத்தான் என்னால் சரிசெய்ய முடிந்தது.

கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். பக்கத்து அம்மா விடவில்லை.

"இன்னா மகேசு, கூலி குடுக்காம அனுப்புற? எவ்ளோப்பா உனக்கு?"

"வேணாங்க."

"வேணாமா? எறக்கு கூலி வேணாம்னு சொல்ற மோட்டாருக்காரன இப்போதான் பாக்குறேன்." என்னைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு ரி.யைப் பார்த்தாள்.

ரி.யின் முகம் மாறியது. பாரில் ஆறு சனிக்கிழமை பார்த்தும் ஒருதரம்கூட மாறாத முகம்.

"எண்ணூறுங்க," என்றேன்.

ரி. துண்டின் முடிச்சிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு எடுத்து நீட்டினாள். வாங்கினேன். இருநூறு திருப்பித் தர பாக்கெட்டைத் துழாவினேன்.

"பரவாயில்ல, மீதிய நீங்களே வச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன்.