விசில் எண்ண ஆள் தேவை

அன்பு மகள் மணிமொழிக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், குக்கருக்குத்தான் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். எப்போதும் போனில் பேசுகிறவன் இன்றைக்கு என்ன கடுதாசி என்று சிரிக்காதே. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், இதுவோ அவளைப் பற்றிய விஷயம். தரமணியில் ஆபீஸ் வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு, ஷிஃப்ட் விடும்வரை ஸ்டியரிங் மேலேயே பேப்பரை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் வண்டியைத் திட்டு. உன்கூட வேலை பார்க்கிற ஜுவேரியா லீவு முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள், நீ கேட்ட குக்கர் கேஸ்கட்டோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு இன்னும் கோவம் தீரல, போனைக் கையில வாங்கினதுமே உங்கிட்ட தள்ளிட்றாங்க, நான் தை மாசம் வரல நைனா என்று போன தடவை சொன்னாயே, அதற்குப் பதில்தான் இது. ஆனால் குக்கரில் ஆரம்பித்தால்தான் உனக்குப் புரியும், பொறுமையாகப் படி.

மார்கழி பிறப்பதற்கு முன்னாலேயே மார்க்கெட்டில் பச்சை மொச்சை வந்து குவிந்துவிட்டது. அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, மொச்சையைக் கண்டால் வெறுங்கையோடு வரமாட்டாள். கத்திரிக்காயும் நெத்திலிக் கருவாடும் போட்ட மொச்சைக் குழம்பு என்று ஆசை காட்டி உட்கார வைத்தாள், தட்டில் விழுந்தது பல் முளைக்காத குழந்தைக்கு ஊட்டுகிற கூழ். மொச்சை எங்கேடி என்று கேட்டேன், தேடிப் பாருய்யா என்றாள். காய் பிஞ்சு, மார்க்கெட்டுக்காரன் ஏமாத்திட்டான் என்று பழியை அவன் தலையில் போட்டாள். அடுத்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்தாள், அதைத் தோலுரிக்கிற வேலையே இல்லை, கரண்டியால் மொண்டு குடித்தோம். இந்த முறை பழி குக்கர்மேல். தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் ரிப்பேர் பார்க்கிற மெஹபூப் பாயிடம், விசிலே வரமாட்டேங்குது பாய், இன்னா குக்கரு இது என்று ஒரே சண்டை. பாவம் மனுஷன், நன்றாக இருந்த வெயிட்டையும் கேஸ்கட்டையும் மாற்றிக் கொடுத்து, யக்கா, உன் குக்கரு ராஜா மாரி கீது, நிம்மதியா போ என்று அனுப்பி வைத்தார்.

போன வாரம் பனங்கிழங்கு. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு மகராசி துணி காயப்போடப் பால்கனிக்குப் போய்விட்டாள். அது பாட்டுக்குக் கத்திக் கத்தித் தண்ணீரெல்லாம் வற்றி, சேஃப்டி வால்வு உருகி, வீடு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு ஷகீலாதான் ஓடிவந்து கேஸை மூடியிருக்கிறாள். அம்மா ஈரத்துணியும் கையுமாக உள்ளே வந்து, யாரு வூட்லடி கருகுது என்று அவளையே கேட்டாளாம். சாயங்காலம் ஷகீலா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணா, எத்தினி விசிலு வந்துச்சுன்னு நானே எண்ண முடியாம வுட்டுட்டேன், அக்காவுக்கு ஒண்ணுமே கேக்கல, கொஞ்ச நாளா நான்தான் சுவத்தத் தட்டி, கதவத் தட்டி நிறுத்த சொல்லிக்கினு கீறேன் என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே வேவு பார்த்தேன். அம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிவாள்மனையில் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். குக்கர் விட்ட விசிலில் நானே நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன், அவள் கை கத்திரிக்காயைவிட்டு நகரவில்லை. இன்னொரு விசில், அதற்கும் அசையவில்லை. கடைசிச் சோதனையாக, பின்னால் நின்று, ஏ செண்பகம், உனக்குத் தங்கத்துல ஒரு ஜோடி வளையல் வாங்கட்டுமா என்று கேட்டேன். இந்த வார்த்தை காதில் விழாத பொம்பளை நம் பேட்டையிலேயே கிடையாது. அவள் திரும்பவில்லை, மணி. கேஸை அணைத்துவிட்டு அவள் தோளைத் தொட்டேன், இன்னாய்யா, பேயறஞ்ச மாரி நிக்கிற என்று சிரித்தாள்.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், குதியோ குதியென்று குதித்தாள். நான் ஒண்ணும் செவிடு இல்ல, உனக்குத்தான் வரவர குரலே எழும்பல, ஷகீலா முணுமுணுன்னு பேசுறா, டிவிக்காரனும் முணுமுணுங்கிறான் என்றாள். நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே அந்தத் தகரப் பட்டறை இருபது வருஷமாக இடித்த இடிக்கு யார் காதுதான் தாங்கும். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உம் பொண்ணுகூட இப்பல்லாம் வாய்க்குள்ளயேதான் பேசுறா, அவ மாமன் கொண்டாந்த மாப்பிள்ள வேணாம்னு சொன்னதுலேர்ந்து எங்கிட்ட பேசவே புடிக்கல போல, அதான் போன உங்கிட்ட குட்த்துட்றேன்.

கேட்டாயா அநியாயத்தை. நீ அவளுக்குக் கோபம் என்கிறாய், அவள் உனக்குக் கோபம் என்கிறாள், நடுவில் நான் ஒரு மடையன் இரண்டு பேருக்கும் மாறி மாறி ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மாப்பிள்ளையின் பேர்கூட அவளுக்கு இப்போது ஞாபகமில்லை. நீயோ டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டே முகம் காட்டாமல் பேசுகிறாய். எதிரில் இருக்கிறவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் அவள் இத்தனை நாள் சமாளித்திருக்கிறாள், போனில் எந்த உதட்டைப் பார்ப்பாள்? அங்கே வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் எல்லோர் காதிலும் குனிந்து நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவளாயிற்றே நீ, உன் அம்மாவிடமும் கொஞ்சம் அப்படிப் பேசம்மா. டாக்டரிடம் வா என்றால் என்னிடம் காதில் மிஷின் மாட்டமாட்டேன் என்று சண்டைக்கு வருகிறாள், நீ சொன்னால் கேட்பாள். லீவை மாற்றாதே, கிளம்பி வா.

அப்புறம், கேஸ்கட் நாளாகித் தளர்ந்தால் ஃப்ரீசரில் வைத்து எடு, இறுகிவிடும், உன் ஊரில் ஜன்னலுக்கு வெளியே வைத்தாலே போதும் என்று நினைக்கிறேன். காய்ந்த மொச்சை கொஞ்சம் கட்டியிருக்கிறேன், ராத்திரியே ஊறப்போட மறக்காதே, குக்கரை முக்கால்வாசிக்குமேல் நிரப்பாதே, ஆவி அடங்காமல் மூடியைப் பிடித்து இழுக்காதே. கற்பகாம்பாள் துணையாக இருந்து உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். முகத்தைக் காட்டிப் பேசு, அது முக்கியம்.

ஆயிரம் ஆசியுடன்
உன் நைனா
கதிரேசன்

மணி, அம்மா எழுதுறேன். உங்க நைனா இந்த லெட்டர சட்டப் பையிலயே வச்சி சட்டைய ஊறப்போட குட்த்துட்டாரு. எனக்குக் காதுதான் கேக்கல, கண்ணு நல்லாத் தெரியும். முழுசும் படிச்சிட்டேன். வளையல் மேட்டரும் படிச்சிட்டேன், அத வுட மாட்டேன்னு அவருகிட்ட நீயே சொல்லிடு. உம்மேல எனக்கு இன்னாடி கோவம்? நீ பேசுறது கேக்கலன்னு சொல்லிக்க வெக்கமா இருந்துச்சு, அவ்ளோதான். நீ கூட்டிக்கினு போனா டாக்டராண்ட வரேன், மிஷினும் மாட்டிக்கிறேன், மொதல்ல உன் குரலத்தான் கேக்கணும். தை முடியறவரைக்கும் மொச்ச வரும். அடுப்புல வச்சிட்டு ஒக்காந்துக்கினு இருக்கேன், நீ வந்து விசில எண்ணு.